துர்கா அறுத்த பாவு

துர்கா என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது தெருக் கூட்டுகிற செல்லியம்மாளிடம்தான். ஆறு வருஷம் இருக்கும். ஒரு நாள் காலையில் துடைப்பத்தை என் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, உங்க தெருவுல துர்கான்னு ஒருத்தி புதுசா குடி வந்துக்கிறாளாமே, அவகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க. நான் வண்டியத் தள்ளிக்கினு வர்றதுக்குள்ள வூட்டுக்கு வூடு பூந்து நூல் குப்பையெல்லாம் வாரிக்கினு போயிடுறா.”

“குப்பைய வாரிக்கினு போனா உனக்கு வேலை மிச்சந்தானே?”

“நல்லா சொன்னீங்க போங்க. அந்தப் பட்டு நூலத்தான் நான் லாரிப் பட்டறைக்குப் போடுவேன், எண்ணெ துடைக்க. என் வெத்தல பாக்குல மண்ணப் போட்டுட்டா.”

குப்பைக்கும் போட்டியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறி, இரண்டு தறி. வேலை நடக்கிற இடத்தில் அறுந்த இழை, அழுக்கு பட்ட இழை, சாயம் சரியாகப் பிடிக்காத இழை என்று தினமும் ஒரு பிடி விழும். அதை யாரும் பொருட்டாக நினைத்ததில்லை.

நான் யாரைப் பற்றிக் கேட்டாலும் அவர் எந்த ஊர், யார் மகள், யார் மருமகள் என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை. விசாரித்ததில், துர்கா திருமுக்கூடல் வீராசாமியின் மகள் என்று தெரிந்தது. பயிர் வைக்கிற குடும்பம். வீராசாமியின் அக்காளை ஐயம்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். அந்த அக்காள் புருஷன்தான் என் மாமனார் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் நெல் மூட்டை இறக்கினவர். ஆக, அந்நியம் இல்லை. துர்காவின் புருஷன் ஆதிகேசவன் ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பேச்சு குறைவு. வண்டிக் கண்ணாடியில் சாமந்திப்பூ வைக்காமல் கிளம்ப மாட்டான்.

நேரில் பார்த்தபோது அவளுக்கு முப்பத்து நாலு முப்பத்தைந்து வயது. ஒல்லியான தேகம். நின்ற இடத்தில் நிற்க மாட்டாள். வாசலில் நின்று பேசும்போதே ஒரு கால் தெருவைப் பார்த்துத் திரும்பி இருக்கும். பேசிக்கொண்டே என் கொடியில் கிடந்த துணியை மடித்தாள். மடித்து முடித்துப் பார்த்தால் அது இன்னும் காயவில்லை.

“ஏம்மா, ஈரத் துணிய மடிக்கிறியே.”

“கை சும்மா இருக்க மாட்டேங்குது பெரிம்மா. கம்பெனில பதினோரு வருஷம். நிமிஷத்துக்கு இத்தன தையல்னு பெல்ட்டு ஓடும். அது நின்னு போச்சு, கை நிக்கல.”

ஒரகடம் பக்கத்தில் கார் இருக்கைக்கு உறை தைக்கிற கம்பெனியில் இருந்திருக்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வெளியே வரும்போது எல்லோரும் பாத்திரம், குக்கர் என்று வாங்கி வந்தார்கள். இவள் கழித்துப் போட்ட ரெக்ஸின் துண்டு இரண்டு சாக்கு கேட்டு வாங்கி, புருஷன் ஆட்டோவில் ஏற்றி வந்தாள்.

அந்த ரெக்ஸின் துண்டை அடிப்பாகமாக வைத்து, பழைய பட்டுப்புடவையின் கிழியாத இடத்தை வெட்டி மேல்பாகமாக வைத்து, எங்கள் தெரு நூல் குப்பையை அலசி, சிக்கெடுத்து, திரித்து, பிடியும் குஞ்சமும் செய்தாள். தறிக்கு மேலே இருந்து கரையில் பூ விழவைக்கிற ஜக்கார்டு பெட்டியில் ஓடித் தேய்ந்த துளை அட்டைகளைக்கூட விடவில்லை. பைக்கு அடியில் விறைப்புக்கு வைத்தாள். சின்ன நோட்டுப் புத்தகத்துக்கு மேலட்டை செய்தாள். முதல் பையை எனக்குத்தான் கொடுத்தாள். கோயிலுக்கு எடுத்துப் போனால் நாலு பேர் நிறுத்திக் கேட்டார்கள்.

கேட்டவர்களில் ஒருவர் சென்னையில் கடை வைத்திருக்கிற அம்மா. அன்றிலிருந்து துர்காவின் போன் அடங்கவில்லை.

அவளுக்குப் பிரச்சினை தையல் இல்லை, விற்பனையும் இல்லை. நூல்தான். கடையில் புதுப் பட்டு வாங்கிக் குஞ்சம் கட்டினால் பையின் விலை எங்கேயோ போய்விடும். அதுவும் இல்லாமல், வாங்குகிறவர்கள் கேட்பதே காஞ்சிபுரத் தறியில் கழிந்த நூல் என்பதைத்தான். அதனால் தறி வீடுகள் அவளைக் கதவு திறந்து உள்ளே விட்டால்தான் தொழில். தறி வீட்டுக்குள் வெளியாளைச் சட்டென்று விட மாட்டார்கள். செருப்பை எங்கே விடுவது என்பதிலிருந்து, தறிக் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது வரை ஆயிரம் இருக்கிறது. அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் குனிந்து நின்று, ஒரு வருஷத்தில் இருபது வீட்டைச் சம்பாதித்தாள். செல்லியம்மாளைக்கூட விடவில்லை. சுத்தம் செய்து தருகிற வேலையை அவளுக்கே கொடுத்து வாயை அடைத்தாள்.

கடைசியாகத் திறந்த வீடு நமச்சிவாயத்தின் வீடு. நமச்சிவாயம் என் சித்தப்பா மகன். எனக்குப் பதினாலு வயது இளையவன். எங்கள் தெருவில் கல்யாணப் புடவைக்கு அவன் கையைத்தான் கேட்பார்கள். அவன் வீட்டுக்கு நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

“நல்ல பொண்ணுப்பா. நெல்லுக்காரர் வழி.”

“நெல்லுக்காரர் வழியா இருந்தா நெல்லு கொண்டாரட்டும். நூலு எதுக்கு?” என்றான் நமச்சிவாயம்.

அவன் மனைவி காமாட்சியம்மாள்தான், “குப்பைய வாரிக்கினு போனா போவட்டுமே, நான் குனிஞ்சு பெருக்குறது மிச்சம்” என்று வழி விட்டாள். காமாட்சியம்மாளுக்குக் கண்ணில் புரை. ஒரு கண்ணில் புரையை எடுத்தாகிவிட்டது. மறு கண்ணில் பாக்கி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற தறிக் குழி ஓரத்தில் ஒரு மஞ்சள் பையை மாட்டி வைத்து, விழுகிற நூலையெல்லாம் அதில் போட்டு வைப்பாள். துர்கா வாரத்துக்கு ஒரு தரம் வந்து பையைக் கவிழ்த்துக்கொண்டு போவாள். இப்படி மூன்று வருஷம் ஓடியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர். ஒரு பாவில் மூன்று புடவை வரும். மூன்றாவது புடவையை அறுத்து எடுத்த பிறகும், முழ நீளத்துக்குப் பாவு முனை தறியிலேயே நிற்கும். ஒவ்வொரு இழையும், இழையைத் தூக்கி இறக்குகிற விழுதின் கண்ணிலும், சீப்பு மாதிரி இருக்கிற அச்சின் பல்லிலும் நுழைந்தபடியே இருக்கும். அதைத் தொட மாட்டோம். புதுப் பாவு வந்ததும், அதன் இழையைப் பழைய முனையோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து முன்னால் இழுத்தால், புது இழை பழைய வழியிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய முனை இல்லாவிட்டால் நாலாயிரத்துச் சொச்சம் இழையையும் முதலிலிருந்து ஒவ்வொரு கண்ணாக நுழைக்க வேண்டும். அது வேலை. வேலைக்கு மேலே ஒன்று, தறியை வெறுமையாக விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. தறியில் நெய்கிறவர் காலமானால் அறுப்போம். தறியை விற்றால் அறுப்போம். அச்சை மாற்ற வேண்டி வந்தால், வேறு வழியில்லாமல் நாமே அறுப்போம். நமச்சிவாயத்தின் தறியில் என் சித்தப்பா கையால் முதல் பாவு நுழைத்தது அவனுக்குக் கல்யாணமான வருஷம். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தத் தறி நூல் இல்லாமல் நின்றதில்லை.

இதெல்லாம் எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே துர்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

போன தை மாசம் அது நடந்தது. சென்னைக்கார அம்மா ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை நூற்றைம்பது கேட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நீளக் குஞ்சம் வேண்டும். பத்து நாள் கெடு. துர்காவுக்கு அது பெரிய இடம். அதைச் சரியாக முடித்துக் கொடுத்தால் அந்த அம்மா வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். துண்டு துண்டாகப் பொறுக்குகிற நூலில் நீளக் குஞ்சம் வராது. அந்த வாரத்தில்தான் பக்கத்துத் தெரு நெசவாளி ஒருவன் தன் தறியில் அச்சை மாற்றுவதற்காகப் பழைய பாவு முனையைத் தானே அறுத்து அவள் கையில் கொடுத்தான். முழ நீளம், ஒரே நிறம், நெளிவு இல்லாத பட்டு. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கே ஓடி வந்து காட்டினாள்.

“பெரிம்மா, பாருங்க. புடவ எடுத்த பொறவு இப்டி நிக்குமாம். இது கெடைச்சா போதும் எனக்கு.”

எனக்கு அப்போது அடுப்பில் பால். “நல்லா இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த நெசவாளி எதற்காக அறுத்தான் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அதை இப்போதும் நினைத்தால் எனக்கு உட்கார முடிவதில்லை.

இரண்டு நாள் கழித்து நமச்சிவாயம் மூன்றாவது புடவையை அறுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுத்துவிட்டு, புதுப் பாவு வாங்கிவரப் போயிருந்தான். துர்கா வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தாள். காமாட்சியம்மாள் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“குழிகிட்ட இருக்குது, போய் எடுத்துக்கம்மா” என்று அங்கிருந்தே சொன்னாள்.

அவள் சொன்னது மஞ்சள் பையை. இவள் உள்ளே போனாள். புடவை எடுத்த தறியில், மயில்கழுத்து நிறத்தில் உடலும் அரக்கில் கரையுமாக, பாவு முனை பிடி பிடியாக முடிச்சுப் போட்டுத் தொங்கியது. இடுப்பில் எப்போதும் கத்தரிக்கோல் வைத்திருப்பாள். கேட்போமா என்று நினைத்ததாகத்தான் பிறகு என்னிடம் சொன்னாள். நினைத்த நேரத்தில் கை வேலையை முடித்துவிட்டது. முடிச்சை அறுத்ததும் பட்டு தானாக உருவிக்கொண்டு வந்தது. மஞ்சள் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, “வரேங்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் நாற்பது குஞ்சம் கட்டிவிட்டாள்.

நமச்சிவாயம் புதுப் பாவை வெள்ளைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தறியைப் பார்த்தான். பாவைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்தான். சட்டையைக் கழற்றவில்லை. தறிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

காமாட்சியம்மாள் செருப்பில்லாமல் என் வீட்டுக்கு வந்தாள்.

“அண்ணி, தறி மூளியா நிக்குதுண்ணி.”

சொல்லிவிட்டு வந்த வேகத்திலேயே திரும்பினாள். நான் போய்ப் பார்த்தேன். விழுதுகள் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. அச்சில் ஒரு இழைகூட இல்லை. வெளிச்சம் அதன் வழியாகத் தரையில் கோடு கோடாக விழுந்தது. நமச்சிவாயம் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னான்.

“நீதானக்கா கூட்டியாந்தே.”

மறுநாள் காலை துர்கா சாக்கோடு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் வீட்டில், “இன்னிக்கு ஒண்ணுமில்ல” என்றார்கள். இரண்டாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் கலைவாணி இருந்தாள். வாய்க்கு எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

“வாம்மா வா. எங்க வூட்ல தாலிக்கயிறு கூட பழசாத்தான் இருக்குது. அறுத்துக்கினு போறியா? குஞ்சம் நல்லா வரும்.”

“இன்னாக்கா, இன்னா சொல்றீங்க?”

“ஒண்ணும் சொல்லல. வூட்ல ஆம்பள உசுரோட இருக்கறப்பவே பாவ அறுத்தவ நீ. உன்ன உள்ள வுட எங்களுக்கு பயமா இருக்குது.”

அவள் என்னிடம் வந்தாள். நான் சொன்னேன். பிணைப்பது என்றால் என்ன, முனை எதற்காக நிற்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கால் ஆடுவது நின்றது. அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போனவள் கட்டின நாற்பது குஞ்சத்தையும் அவிழ்த்து, இழையையெல்லாம் சீவி நேராக்கி, நிறம் பிரித்து, வாழை இலையில் வைத்து எடுத்துக்கொண்டு நமச்சிவாயம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நானும் போனேன்.

நமச்சிவாயம் இலையைப் பார்த்தான்.

“இது ஆவாதும்மா. அச்சுல இருந்து வந்துட்டா அது நூலே கெடையாது.”

“நான் இன்னா பண்ணணும் சொல்லுங்கண்ணா. எது வேணா பண்றேன்.”

“நீ ஒண்ணும் பண்ண வாணாம். வராம இரு. அது போதும்.”

அந்த வார்த்தை தெரு முழுக்கப் போயிற்று. நமச்சிவாயம் வராதே என்று சொன்னவளை வேறு எந்த வீடு உள்ளே விடும்? இருபது கதவும் ஒரே நாளில் சாத்திக்கொண்டன. துர்காவின் தொழிலும் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் போய்விட்டது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதே நேரத்தில் நமச்சிவாயத்துக்கும் இக்கட்டு. முதலாளி கொடுத்த பாவு கல்யாணப் புடவைக்கு. பாவை மறுபடி நுழைப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். பின்னால் உட்கார்ந்து ஒருவர் இழையை ஒவ்வொன்றாக வரிசை தப்பாமல் எடுத்துக் கொடுக்க, முன்னால் ஒருவர் கொக்கியால் விழுதுக் கண் வழியே இழுப்பார். காமாட்சியம்மாளுக்குக் கண் பார்வை போதாது. மகள் அகிலா பெங்களூரில். கூலிக்கு நுழைக்கிற ஆட்கள் தை மாசத்தில் கிடைப்பார்களா? கேட்ட இடத்திலெல்லாம் பதினைந்து நாள் கழித்துத்தான் என்றார்கள். என் கை நடுங்குகிறது. நான் உட்கார்ந்தால் ஒரு இழைக்கு மூன்று இழை வரும்.

நான் இதைச் சொல்லக் கேட்டதும் துர்கா எழுந்தாள்.

“நான் ஒக்காரேன் பெரிம்மா.”

“உன்னால நாலு நிமிஷம் ஒக்கார முடியாதேம்மா. இது அஞ்சு நாள், ஆறு நாள்.”

“ஒக்காரேன்.”

“உன் பை? அந்த அம்மா கெடு?”

“வூட்டுக் கதவே தெறக்கலன்னா பை ஏது பெரிம்மா.”

நமச்சிவாயம் முதலில் ஒப்பவில்லை. அவள் நிழல் தறிமேல் விழக் கூடாது என்றான். காமாட்சியம்மாள்தான் சொன்னாள்: “நானுந்தான எடுத்துக்கன்னு சொன்னேன். அவள வாணாம்னா என்னையும் வாணாம்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் வெளிய நிக்கிறோம். தறி மூளியாவே நிக்கட்டும்.” அவன் நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தான்.

நல்ல நாள் மூன்றாம் நாள்தான் வந்தது. அந்த இரண்டு நாளும் துர்கா தெருவில் மேலும் கீழும் நடந்ததை எண்ண முடியாது.

வெள்ளிக்கிழமை காலை கற்பூரம் காட்டி ஆரம்பித்தார்கள். நமச்சிவாயம் குழியில் இறங்கி உட்கார்ந்தான். விழுதுக்குப் பின்னால் மணைமேல் துர்கா. ஒரு இழை எடுப்பாள், கொக்கி வரும், கொக்கியில் மாட்டுவாள், இழை போகும். மறுபடி ஒன்று. முதல் மணி நேரத்திலேயே தறி நடுங்க ஆரம்பித்தது. பார்த்தால், அவள் கால் ஆடுகிறது. கால் பட்ட மணை ஆடுகிறது. மணை தொட்ட தறிக்கால் ஆடுகிறது.

“கால நிறுத்து” என்றான் நமச்சிவாயம்.

நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடியது.

காமாட்சியம்மாள் அரிசிக் குண்டானைத் தூக்கி வந்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “இது மேல கால வையி. ஆட்டினா அரிசி கொட்டும். கொட்டின அரிசிய நீதான் பொறுக்கணும், எனக்குக் கண்ணு தெரியாது.”

கலைவாணி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். “சாமி சிலையாட்டம் ஒக்காந்துக்கினு இருக்குது நம்ம ரயிலு வண்டி” என்று தெருவில் சொல்லிக்கொண்டு போனது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. நமச்சிவாயத்தின் மீசை ஒரு தரம் அசைந்தது. அது சிரிப்பா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் பிற்பகல் அவள் அவசரப்பட்டாள். கெடுவை நினைத்திருப்பாள். கொக்கி வருவதற்குள் அடுத்த இழையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டை ஒன்றாகக் கொடுத்துவிட்டாள். நூறு இழை போன பிறகுதான் நமச்சிவாயம் கண்டுபிடித்தான். திட்டவில்லை. நூறையும் ஒவ்வொன்றாகப் பின்னால் உருவிப் போட்டான். அவன் உருவ உருவ அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன் பிறகு அவள் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். கடைசி நாள் வரைக்கும் எண்ணினாள்.

மடியில் வைத்திருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் அதைக் காமாட்சியம்மாளிடம் கொடுத்துவிட்டாள். நாலாம் நாள் ஆதிகேசவன் ஆட்டோவைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றான்.

“துர்கா. அந்தம்மா எனக்குப் போன் போடுறாங்க. பை எத்தினி முடிஞ்சுதுன்னு கேக்குறாங்க.”

அவள் இழையை விடவில்லை. “ஒண்ணும் முடியலன்னு சொல்லு.”

“வேற ஆள பாத்துக்கவான்னு கேக்குறாங்க.”

கொக்கி வந்தது. மாட்டினாள். அடுத்த இழையை எடுத்தாள். “பாத்துக்க சொல்லுப்பா.”

ஆதிகேசவன் போனை எடுத்துக்கொண்டே தெரு முனைக்கு நடந்தான். நமச்சிவாயம் கொக்கியைக் கீழே வைத்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மறுபடி எடுத்தான். அன்றைக்குச் சாயங்காலம் காமாட்சியம்மாள் இரண்டு டம்ளர் காப்பி கொண்டு வந்தாள். அதுவரை துர்காவுக்குத் தனியாக வாசலுக்குத்தான் போகும். அன்றைக்கு இரண்டும் தறி ஓரத்திலேயே வைக்கப்பட்டன.

கரை இழைகள்தான் கடைசி. மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்குகிற கயிறு ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைய வேண்டும். அதற்கே ஒன்றரை நாள் ஆனது. ஆறாம் நாள் புதன்கிழமை உச்சிப் பொழுதில் கடைசி இழை போயிற்று. நமச்சிவாயம் அச்சைப் பூட்டி, இழைகளைப் பிடி பிடியாக முன்னால் இழுத்துக் கட்டி, மிதியை ஒரு தரம் மிதித்துப் பார்த்தான். பாதி இழை மேலே போயிற்று, பாதி கீழே வந்தது. நடுவில் தெளிவாக வழி விழுந்தது. ஒரு இழைகூடத் தப்பவில்லை.

துர்கா எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கேட்டாள்.

“இனிமே நான் வரலாமாண்ணா?”

நமச்சிவாயம் குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் சுற்றின தாரைப் போட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் சொன்னான்.

“வா. வாசல்ல நில்லு. நாங்க எடுத்தாந்து தரோம். தறிகிட்ட வராத.”

“சரிண்ணா.”

“இன்னொண்ணு. பாவு முனை எங்க வூட்ல குடுக்க மாட்டோம். எப்பவும் குடுக்க மாட்டோம்.”

“சரிண்ணா.”

அவ்வளவுதான். அவள் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது, வருத்தம் என்றும் சொல்ல முடியாது. “பெரிம்மா, இப்ப மணி இன்னா?” என்று கேட்டாள். ஒன்றரை என்றேன். “அப்ப கடை மூடியிருக்க மாட்டான், ஊசி வாங்கணும்” என்று நொண்டிக்கொண்டே நடந்தாள்.

நமச்சிவாயம் வாசலில் நில் என்று சொன்னதை வைத்துத் தெருவும் மெல்ல இறங்கி வந்தது. ஒரு வீட்டில் பையை வெளியே ஆணியில் மாட்டினார்கள். அடுத்த வாரம் இன்னும் மூன்று வீடு. மாசி முடிவதற்குள் பதினான்கு. மீதி ஆறு வீடு இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை. அதில் இரண்டு என் சொந்தக்காரர்கள் வீடு. நான் போய்ப் பேசியும் பார்த்தேன். “நீங்க சொல்லித்தான அங்க வுட்டாங்க” என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். கலைவாணி கொடுக்கிறாள், ஆனால் கையில் கொடுக்க மாட்டாள். பையை வாசப்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவிடுக்கில் பார்ப்பாள்.

சென்னைக்கார அம்மா திரும்ப வரவில்லை. வேறு யாரோ இயந்திரத்தில் செய்த குஞ்சம் வைத்துக் கொடுத்தார்களாம். துர்கா இரண்டு மாசம் ஒரு வேலையும் இல்லாமல் ஆதிகேசவன் ஆட்டோவில் உட்கார்ந்து ஐயம்பேட்டைக்கும் ஊருக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். அப்படிப் போகும்போது பழகின ஒரு பள்ளிக்கூட டீச்சர் மூலமாகச் சின்னச் சின்னதாக வேலை வந்தது. பென்சில் பை, கண்ணாடி உறை, சாவிக் கொத்துக் குஞ்சம். துண்டு நூலுக்கு ஏற்ற குட்டிச் சாமான்கள். நீளக் குஞ்சம் கேட்டால், “எங்ககிட்ட கெடையாதுங்க” என்று சொல்லிவிடுகிறாள்.

நமச்சிவாயத்தின் தறியில் அதற்குப் பிறகு இரண்டு பாவு வந்து இறங்கியாகிவிட்டது. இரண்டு தரமும் பிணைத்துத்தான் ஏற்றினான். துர்கா நுழைத்துக் கொடுத்த வழியில்தான் இன்றைக்கும் அவன் புடவை ஓடுகிறது. அதை அவனும் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை.

துர்கா இப்போது திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சிமென்ட் கூரை போட்ட அறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு தையல் மிஷின் வைத்து, செல்லியம்மாளையும் கூட வைத்துக்கொண்டு பை தைக்கிறாள். புதன்கிழமைதோறும் எங்கள் தெருவில் சாக்கோடு கிளம்புகிறாள். பதினான்கு வீட்டு வாசலில் நின்று நூலை வாங்கிக்கொண்டு போகிறாள்.